கிளட்ச் மாற்றும் செலவு: கியர்பாக்ஸ் இறங்கும் அந்த ஒரு நாள்

கிளட்ச் மாற்றக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பல வண்டிகளில் கிளட்சுக்காகப் போவதில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இடத்துக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் இரண்டையும் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கும் திரும்பச் சேர்ப்பதற்கும்தான் கூலி. பழைய பிளேட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டுவது மட்டும் என்றால் ஆறு போல்ட் வேலை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அதனால் இந்த வேலையில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இரண்டு இடங்களில்தான். கியர்பாக்ஸை உண்மையிலேயே இறக்க வேண்டுமா என்று முன்கூட்டியே சரியாகக் கண்டுபிடிப்பது ஒன்று. இறக்கியபின், உள்ளே ஒளிந்திருக்கும் மற்ற தேய்மானங்களையும் அதே கூலியில் முடித்துக்கொள்வது இன்னொன்று. பிளேட்டின் விலையில் பேரம் பேசிக் குறைப்பது இவற்றுக்கு முன்னால் சொற்பம்.

தேய்வது எது, எப்படி

இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல், அதன்மீது போல்ட் போட்டு இறுக்கிய பிரஷர் பிளேட், இவை இரண்டுக்கும் நடுவே சிக்கிய கிளட்ச் பிளேட். நடுவிலிருக்கும் பிளேட்டின் மையத்தில் பல் வெட்டிய துளை உண்டு. அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் ஏறி உட்காரும். மிதிக்காதபோது பிரஷர் பிளேட்டிலுள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ள, பிடி தளர்கிறது.

இந்தப் பிடியின் பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு சிறிய காரின் கிளட்ச் என்று எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் அழுத்தம் 4,000 நியூட்டன், உராய்வுக் கெழு 0.3, லைனிங்கின் (பிளேட்டின் இரு முகத்திலும் உள்ள உராய்வுப் பொருள்) சராசரி ஆரம் 0.08 மீட்டர், உராயும் பக்கங்கள் 2. எல்லாவற்றையும் பெருக்கினால் 192 நியூட்டன் மீட்டர் வரும். இன்ஜினின் அதிகபட்ச முறுக்குவிசை 140 என்றால் கைவசம் போதுமான மிச்சம் இருக்கிறது. இப்போது லைனிங்கில் கொஞ்சம் எண்ணெய் பட்டு உராய்வு 0.15 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடி 96 நியூட்டன் மீட்டராக விழுகிறது. பிளேட் துளியும் தேயாமலே கிளட்ச் நழுவும். புதுக் கிளட்ச் போட்டும் சில மாதங்களில் பழையபடி நழுவுகிற வண்டிகளில் முதலில் எண்ணெய்க் கசிவைத்தான் தேட வேண்டும்.

லைனிங்கை ரிவெட் அடித்துத்தான் பிளேட்டில் பொருத்துகிறார்கள். புதிதில் ரிவெட்டின் தலை மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மிமீ ஆழத்தில் இருக்கும். அந்த ஆழம் 0.3 மிமீ அளவுக்குக் குறைந்தால் பிளேட்டின் ஆயுள் முடிந்தது. அதற்குமேல் ஓட்டினால் ரிவெட்டின் உலோகத் தலை ஃபிளைவீலைச் சுரண்டி வட்டக் கோடு போடும். பிளேட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அந்தக் கோட்டால் ஃபிளைவீலுக்கும் போகிறது. நழுவத் தொடங்கிய கிளட்சை "இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதற்கு இதுதான் காரணம். நழுவும்போது உண்டாகும் சூடு பிரஷர் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் சேர்த்தே கெடுக்கிறது.

எவ்வளவு தூரம் தாங்கும்? ஒருவர் காலில் 40,000 கிமீயில் தீர்ந்துபோகும் அதே கிளட்ச், இன்னொருவர் காலில் 1,50,000 கிமீ தாண்டும். காரணம் வெப்பம். 1,200 கிலோ எடையுள்ள கார் சமதரையில் புறப்பட்டு, மணிக்கு 15 கிமீ வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொண்டால், லைனிங்கில் வெப்பமாகப் போவது ஏறக்குறைய 10 கிலோஜூல். ஆக்சிலரேட்டரை அதிகம் கொடுத்து, 25 கிமீ வேகம் வரை நழுவவிட்டுப் பிடித்தால் 29 கிலோஜூல், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பத்து சதவீத ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் பாதி மிதித்த ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்தால், இன்ஜின் 1,500 சுற்றில் இருக்கும்போது, சுமார் 4 கிலோவாட் வெப்பம் இடைவிடாமல் லைனிங்கில் இறங்குகிறது. பத்து விநாடி அப்படி நின்றால் நான்கு முறை புறப்பட்டதற்குச் சமம். சிக்னலில் ஒரு நிமிடம் அப்படி நிற்பவர்களின் கிளட்ச் என்னவாகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மிதியின் மேலேயே காலை ஓய்வாக வைத்து ஓட்டுவதும் அதே வகைக் கேடு: ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுமையோடு சுற்றும், பிடியும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும்.

இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நழுவலை உறுதிசெய்ய நல்ல வழி, ஆளில்லாத நேரான சாலையில் மேல் கியரில் குறைந்த வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துவது. நாலாவது அல்லது ஐந்தாவது கியர், மணிக்கு 50 கிமீ அளவு. இன்ஜின் சுற்று திடீரென ஏறி, வேகமுள் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. மேல் கியரில் வண்டி மெதுவாகவே வேகமெடுப்பதால் இன்ஜின் முழு முறுக்குவிசையில் அதிக நேரம் நிற்கும்; அதனால் நழுவலின் முதல் அடையாளம் அங்கேதான் தெரியும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பதும் உண்டு. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் மிக மோசமாகத் தேய்ந்திருக்கிறது. ஆனால் இதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், அந்தச் சோதனையே லைனிங்கைக் கருக்கும்.

மிதிக்கும் கிளட்சுக்கும் நடுவே கேபிள் உள்ள வண்டி என்றால் வேறெதற்கும் முன் மிதியின் ஃப்ரீ பிளேயை, அதாவது பிடி தளரத் தொடங்கும்முன் மிதி சும்மா இறங்கும் தூரத்தைப் பாருங்கள். லைனிங் தேயத் தேய ஸ்பிரிங்கின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வெளியே வரும். மிதியில் இருக்கும் தளர்ச்சி குறைந்துகொண்டே போகும். அது பூஜ்யமானால் பிளேட்டில் இன்னும் உயிர் இருந்தாலும் கிளட்ச் நழுவும். அட்ஜஸ்டிங் நட்டை இரண்டு சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடுகிற கோளாறு அது. அதற்குப் போய்க் கியர்பாக்ஸை இறக்குவது கொடுமை.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது என்பது நழுவலுக்கு நேர்மாறான கோளாறு. இங்கே கிளட்ச் பிடிக்காமல் இல்லை, விடாமல் இருக்கிறது. மிதியை முழுக்க அழுத்தி மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால் பிளேட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் இயங்கும் ஹைட்ராலிக் வண்டிகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மிதிப் பக்கத்து மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டர், அல்லது குழாயில் புகுந்த காற்று. மிதி பஞ்சுபோல் இறங்குவது, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கியர் விழுவது, மிதி தரையோடு ஒட்டிக்கொள்வது, எல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகின்றன. மிதிக்கு மேலே கம்பி நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கலாம். இந்த இரண்டையும் மாற்றக் கியர்பாக்ஸை அசைக்கவே வேண்டாம். பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கின்றன. கிளட்சுக்குப் போகும் குழாய் டப்பாவில் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் ஆயில் குறையும்போது முதலில் கிளட்ச்தான் காற்றை இழுக்கும். அப்படி இருந்தால் ஆயிலை ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். அது எங்கே போனது என்று பார்த்தாக வேண்டும், பிரேக்கும் அதே ஆயிலை நம்பித்தான் இருக்கிறது.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். மிதித்தால் வருகிற, விட்டால் நிற்கிற சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. மிதித்தால் நிற்கிற, விட்டால் வருகிற சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து. கிளட்ச் மாற்றினாலும் அது போகாது. இரண்டு எடைகளாகப் பிரிந்த டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள வண்டியில் இன்ஜினை அணைக்கும்போதும் ஐடிலிலும் வரும் தடதடப்பு வேறு கதை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

புறப்படும்போது வண்டி அதிர்வதைப் பார்த்தவுடன் கிளட்ச் மேல் பழி போடுவது வழக்கம். கிழிந்த இன்ஜின் மவுண்டிங்கும் அதே அதிர்வைத் தரும். பானெட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு மெதுவாகக் கிளட்சை விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்ஜின் எவ்வளவு குதிக்கிறது என்று தெரிந்துவிடும். வண்டிக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

கூலியும் சாமானும்

கூலியைத் தீர்மானிப்பது வண்டியின் அமைப்பு. இன்ஜின் குறுக்காக உட்கார்ந்த சிறிய முன்சக்கர இழுவைக் காரில், லிஃப்ட் வசதியோடு பழகிய மெக்கானிக்குக்கு 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். இன்ஜினுக்குக் கீழே உள்ள சட்டமான சப்ஃபிரேமையும் இறக்க வேண்டிய கார்களில் 7, 8 மணி நேரமும் ஆகலாம். பின்சக்கர இழுவை வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கியர்பாக்ஸை நேராகப் பின்னால் இழுக்கலாம், வேலை எளிது, ஆனால் எடை அதிகம். நான்கு சக்கர இழுவை என்றால் சக்தியை முன்பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து வரும், நேரம் அதற்கேற்ப நீளும்.

சாமானில், பிளேட் மட்டும் வாங்குவது தவறான சிக்கனம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டாகவே வாங்க வேண்டும். பழைய பிரஷர் பிளேட்டின் முகம் சூட்டில் லேசாகக் குடைந்து கிண்ணம்போல் ஆகியிருக்கும். அதில் புதுப் பிளேட் முழுப் பரப்பும் படியாது. ஸ்பிரிங் விரல்களின் நுனியில் பழைய பேரிங் தடம் பதித்திருக்கும். ரிலீஸ் பேரிங்கோ இருப்பதிலேயே மலிவு, ஆனால் அது சத்தம் போட்டால் செய்ய வேண்டிய வேலை மறுபடி முழு வேலை. செட் வாங்கும்போது சாக்ஸ், லுக், வேலியோ, எக்ஸெடி போன்ற, கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிற தயாரிப்பாளர்களின் பெட்டியை, வண்டியின் சேஸிஸ் எண்ணை வைத்து எடுப்பது நம்பகமானது. ஒரே மாடலில் இன்ஜினுக்கு இன்ஜின், ஆண்டுக்கு ஆண்டு பிளேட்டின் விட்டமும் பல் எண்ணிக்கையும் மாறும். புதுப் பிளேட்டை இன்புட் ஷாஃப்டில் கையால் ஏற்றிப் பார்க்காமல் பூட்டவே கூடாது.

ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே, ரிலீஸ் பேரிங்கோடு ஒன்றாக வளையம்போல் அமைந்த வண்டிகள் இப்போது நிறைய. அந்த வளையச் சிலிண்டரைக் கிளட்சோடு சேர்த்து மாற்றியே தீர வேண்டும் என்பேன், அது கசியாமல் இருந்தாலும்கூட. புதுப் பிளேட் போட்டதும் ஸ்பிரிங் விரல்களின் இருப்பு மாறும். பழைய ரப்பர் சீல் இத்தனை நாள் ஓடாத, அழுக்குப் படிந்த பகுதியில் ஓடத் தொடங்கும். பிறகு கசியும். கசிகிற பிரேக் ஆயில் நேராகப் புது லைனிங்கில் தெறிக்கும், செட்டும் போய்விடும், கூலியும் இரட்டிப்பாகும்.

அதே வரிசையில் இரண்டு ஆயில் சீல்கள். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீல் ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் ரிலீஸ் பேரிங்குக்குப் பின்னால். ஈரம் தென்பட்டால் கேள்வியே இல்லாமல் மாற்ற வேண்டும். ஈரமில்லாவிட்டாலும், வண்டி லட்சம் கிமீ ஓடியிருந்தால் மாற்றிவிடுவதையே நான் சொல்வேன். டெஃப்லான் உதடு கொண்ட சீல்களுக்கு எண்ணெய் தடவாமல் உலர்ந்த நிலையிலேயே, அதோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் ஆயில் தடவி ஏற்றினால் புதுச் சீலே கசியும். பின்சக்கர இழுவை வண்டிகளில் கிராங்க் ஷாஃப்டின் நுனியில் இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் மறக்கக் கூடாது.

ஃபிளைவீலுக்கு வருவோம். சாதாரண ஒற்றை ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள், மெல்லிய வெடிப்புகள், ரிவெட் போட்ட வட்டக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மெல்லிய கறை என்றால் எமரித் தாள் போதும். நீலத் திட்டு என்பது இரும்பு அந்த இடத்தில் சூட்டில் இறுகியதன் அடையாளம். அதன்மேல் புதுப் பிளேட் போட்டால் புறப்படும்போது அதிரும். அப்போது முகத்தைக் கிரைண்ட் செய்ய வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாமல். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பும் லைனிங் படும் முகமும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும் ஃபிளைவீல்கள் உண்டு. முகத்தை எவ்வளவு எடுத்தோமோ அவ்வளவு விளிம்பிலும் எடுக்காவிட்டால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து, புதுக் கிளட்சே நழுவும். லேத்தில் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டூயல் மாஸ் ஃபிளைவீல்தான் பில்லைத் தலைகீழாக மாற்றுவது. இன்ஜினின் அதிர்வைக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்க, இரண்டு எடைகளுக்கு நடுவே நீண்ட வளைந்த ஸ்பிரிங்குகளையும் கிரீஸையும் அடைத்து வைத்த அமைப்பு அது. டீசல் கார்களில் அதிகம். பல வண்டிகளில் இதன் விலை கிளட்ச் செட்டின் விலையைவிட அதிகம். அதனால் "மாற்றித்தான் ஆக வேண்டுமா" என்ற கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் அளந்துதான் சொல்ல வேண்டும். இரண்டாவது எடையைக் கையால் இருபுறமும் திருப்பி, தளர்ச்சி எவ்வளவு கோணம் என்று பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டி, டயல் கேஜில் எத்தனை மிமீ ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தயாரிப்பாளர் வண்டிக்கு வண்டி எல்லை கொடுத்திருக்கிறார். கிரீஸ் வெளியே வழிந்திருந்தால் அளக்கவே தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான். அளக்காமல் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதையும், அளக்காமல் "போய்விட்டது" என்று சொல்வதையும் ஏற்காதீர்கள். இதைக் கழற்றிவிட்டு ஒற்றை ஃபிளைவீல் போடும் மாற்று செட்டுகள் கிடைக்கின்றன. செலவு குறையும், ஆனால் அந்த ஸ்பிரிங்குகள் விழுங்கிய அதிர்வு இனி கியர்பாக்ஸுக்குப் போகும். ஐடிலில் கியர்பாக்ஸ் சலசலக்கும். டீசல் வண்டியில் நெடுநாள் வைத்து ஓட்ட நினைப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஸ்டிமேட் கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். செட்டின் பார்ட் எண் என்ன, ரிலீஸ் பேரிங்கும் வளையச் சிலிண்டரும் உள்ளடங்கியதா, ஃபிளைவீல் சோதனையும் கிரைண்டிங்கும் சேர்த்தா, சீல்கள், கியர் ஆயில், பிரேக் ஆயில், ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்கள், வீல் அலைன்மென்ட், இவையெல்லாம் கணக்கில் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். குறைந்த தொகை சொன்ன இடத்தில் இவற்றில் பாதி இருக்காது. பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் முறை

இது முன்சக்கர இழுவைக் காருக்கானது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவதில் தொடங்குகிறது, ஏனென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த வயரில் எந்நேரமும் கரண்ட் இருக்கும். பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் டப்பா, கியர் கேபிள்கள், ரிவர்ஸ் ஸ்விட்ச் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவை மேலிருந்து வரும். வண்டியைத் தூக்கியபின் கியர் ஆயிலை வடிக்க வேண்டும். வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் நட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்தபின் ஊற்றும் நட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டுகளின் நடு நட்டை (ஆக்சில் நட்) 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல் இறுக்கியிருப்பார்கள். வண்டி தரையில் சக்கரத்தோடு நிற்கும்போதே தளர்த்துவது எளிது. ஆனால் முழுக்கத் தளர்த்தியபின் வண்டியை உருட்டக் கூடாது, வீல் பேரிங் கெடும். கீழ் பால் ஜாயின்டைப் பிரித்து, ஷாஃப்டைக் கியர்பாக்ஸிலிருந்து லீவரால் நெம்பி எடுக்க வேண்டும். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் உறைக்குள்ளேயே பிரிந்துவிடும். எடுத்த ஷாஃப்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவது நல்லது.

அடுத்து, இன்ஜினை மேலிருந்து குறுக்குக் கம்பியில் சங்கிலி போட்டுத் தாங்கவோ, கீழே மரத்துண்டு வைத்து ஜாக்கி கொடுக்கவோ வேண்டும். அதன் பிறகே கியர்பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றலாம். கிளட்சை மூடி இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்பகுதிதான் பெல் ஹவுசிங்; அதன் போல்ட்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். ஒரு அட்டையில் கியர்பாக்ஸின் வடிவத்தை வரைந்து, எந்தத் துளையின் போல்ட்டோ அந்த இடத்தில் அட்டையைக் குத்திச் செருகி வைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பமில்லை. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய உடலே வெடிக்கும்.

சிறிய காரின் கியர்பாக்ஸே 30 கிலோவுக்குமேல் இருக்கும். இங்கேதான் மிக அதிகமான தவறுகள் நடக்கின்றன. கழற்றும்போதும், அதைவிட முக்கியமாகச் சேர்க்கும்போதும், கியர்பாக்ஸின் எடை ஒருபோதும் இன்புட் ஷாஃப்டின்மேல் தொங்கக் கூடாது. ஒரு நிமிடம் தொங்கினாலும் பிளேட்டின் மைய வட்டு லேசாக வளையும். பிறகு கிளட்ச் முழுதாக விடாது, ரிவர்ஸ் அரைக்கும், எல்லாரும் "செட் சரியில்லை" என்பார்கள். பிளேட்டின் ஓர ஆட்டம் 0.5 மிமீக்கு மேல் போகக் கூடாது. புதிதாக வாங்கியதையும் அளந்தே பூட்டுவது நல்ல மெக்கானிக்கின் அடையாளம்.

கழற்றிய பிளேட்டைத் தூக்கி எறியும்முன் படியுங்கள். இரு முகமும் ஒரே சீராக ரிவெட் வரை தேய்ந்திருந்தால் இயல்பான முடிவு. கண்ணாடிபோல் பளபளத்துக் கருத்திருந்தால் சூடு. மையத்திலிருந்து ஓரத்துக்குக் கதிர்போல் எண்ணெய்க் கோடுகள் ஓடியிருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல், அல்லது முன்பு யாரோ அளவுக்கு மீறிப் பூசிய கிரீஸ். ஃபிளைவீல் பக்கமும் பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியும் நனைந்திருந்தால் கிராங்க் சீல். கியர் ஆயிலுக்குக் காட்டமான கந்தக வாடை உண்டு, இன்ஜின் ஆயிலுக்கு இல்லை, மூக்கே சொல்லிவிடும். ஒரு முகம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து இரும்பு முகத்தில் கோளாறு. மையத்துப் பற்களில் ஒருபக்கமாகத் தேய்மானம் இருந்தால் டாவல் பின்கள் காணாமல் போயிருக்கின்றனவா என்று தேட வேண்டும். அவை இல்லாவிட்டால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

பெல் ஹவுசிங்குக்குள் படிந்த கருந்தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய வண்டிகளின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும், முகமூடியும் அவசியம். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் முனைகளும் அது ஊன்றும் குமிழும் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றலாம், விலை கொஞ்சம்தான்.

பூட்டும்போது பிளேட்டின் எந்த முகம் எந்தப் பக்கம் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் மைய வட்டு ஃபிளைவீல் போல்ட்களில் இடிக்கும். ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்தபின் விரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்புட் ஷாஃப்ட் பற்களில் அதற்கென்றுள்ள கிரீஸை மெல்லியதாகத் தடவி, பிளேட்டை முன்னும் பின்னும் ஓட்டி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். அலைன்மென்ட் கம்பியைச் செருகிப் பிளேட்டை மையத்தில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்களைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டுமே திருப்பி, படிப்படியாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முழுக்க இறுக்கினால் பிரஷர் பிளேட்டின் மூடி வளைந்துவிடும். 8 மிமீ போல்ட் என்றால் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆனால் வண்டியின் கையேட்டிலுள்ள எண்ணே செல்லும். ஃபிளைவீல் போல்ட்கள் பல வண்டிகளில் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை, முதலில் டார்க் ரெஞ்சாலும் பிறகு கோண அளவாலும் இறுக்கப்படுபவை. அவற்றைத் திரும்பப் போடாதீர்கள். தானாகவே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகைப் பிரஷர் பிளேட்டுக்கு அதற்கான கருவி வேண்டும். கருவியில்லாமல் போல்ட்டாலேயே இழுத்துப் பூட்டினால் உள்ளிருக்கும் சரிசெய்யும் வளையம் இடம் மாறிவிடும், பிறகு கிளட்ச் ஒழுங்காக விடாது.

கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது இரண்டு முகங்களும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். நாலைந்து மிமீ இடைவெளி மிச்சமிருக்கிறதே என்று போல்ட்டை இறுக்கி இழுக்கக் கூடாது. ஷாஃப்ட் பல் பொருந்தவில்லை என்றே அதற்குப் பொருள். கிராங்கை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பினாலோ, கியர் போட்டு டிரைவ் ஷாஃப்ட் துளையைத் திருப்பினாலோ பற்கள் பொருந்திச் சட்டென்று உள்ளே போகும். வளையச் சிலிண்டரைக் கியர்பாக்ஸ் பூட்டும் முன் யாரும் மிதியால் அழுத்திவிடக் கூடாது. எதிரே தாங்க ஒன்றுமில்லாமல் பிஸ்டன் வெளியே வந்து சீல் கெடும்.

கிளட்ச் குழாயிலிருந்து காற்று எடுக்க, புத்தம் புது டின்னிலிருந்து, வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியுள்ள வகைப் பிரேக் ஆயிலையே ஊற்ற வேண்டும், பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு கலக்கக் கூடாது. வளையச் சிலிண்டரில் மிதியை வேகமாகப் பம்ப் செய்வது நல்லதல்ல. மெதுவாக அழுத்தி, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடி, மெதுவாக விட வேண்டும். பிறகு கியர் ஆயில், கையேடு சொல்லும் வகையும் அளவும். சிறிய கார்களில் 2 லிட்டரை ஒட்டி இருக்கும். புது ஆக்சில் நட்டை முழு அளவுக்கு இறுக்கி, பள்ளத்தில் மடக்கியடிக்க வேண்டும். சப்ஃபிரேம் இறங்கியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் ஏஎம்டி வண்டியில் ஸ்கேனரை இணைத்து, புதுக் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் உண்டு. அது செய்யாமல் விட்டால் கியர் மாறும்போதெல்லாம் உதறும்.

முதல் 500 முதல் 800 கிமீ வரை லைனிங்கும் இரும்பு முகமும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ளும் காலம். அடிக்கடி நின்று புறப்படும் சாதாரண ஓட்டம்தான் அதற்கு ஏற்றது. முழுச் சுமை, செங்குத்தான ஏற்றம், இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பது எல்லாவற்றையும் அதுவரை தள்ளிவையுங்கள். முதல் ஓரிரு நாள் லேசான கருகல் வாடை வருவது சகஜம். ஒரு வாரம் தாண்டியும் வந்தால் வண்டியைத் திரும்பக் கொண்டுபோங்கள். அந்த 500 கிமீ முடிந்ததும் வண்டியைத் தூக்கி, பெல் ஹவுசிங்கின் அடியிலும் டிரைவ் ஷாஃப்ட் சீல்களிலும் ஈரம் இருக்கிறதா, மவுண்டிங் போல்ட்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேபிள் வண்டி என்றால் ஃப்ரீ பிளேயை அன்றே மறுபடி வைக்க வேண்டும், புது லைனிங் படிந்ததில் அது கொஞ்சம் மாறியிருக்கும்.